சப்ஸ்க்ரைபர் இருக்கிறார்கள், லைன் இருக்கிறதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செம்பூரில் இருக்கும் ஒரு ஆசிரியை நான்கு வருடமாக யூடியூபில் வீடியோ போட்டு வருகிறார். மும்பையில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கவும் எழுதவும் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், கீழே விளையாடப் போனால் இந்தியும் மராத்தியும் என்று வளரும் பிள்ளைகளின் பெற்றோர்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். 62,000 சப்ஸ்க்ரைபர். குழந்தைகளுக்கான வீடியோ என்பதால் கமென்ட் பகுதி கிடையாது. அவர் கேட்பது இதுதான்: "சொந்தமாக ஒரு லிஸ்ட் வைத்துக்கொள், ஈமெயில் வாங்கு, வெப்சைட் ஆரம்பி என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நம் ஆட்கள் ஈமெயில் திறப்பார்களா? ஒரு வாட்ஸ்அப் சானல் ஆரம்பித்தால் போதாதா? 62,000 பேர் இருக்கும்போது முந்நூறு பேர் லிஸ்ட்டுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?"

வேண்டும். இந்த மாதமே ஆரம்பியுங்கள். யூடியூபை விட்டுவிடச் சொல்லவில்லை, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். பதினொரு வருடமாக மும்பையில் நான் செய்யும் வேலையே அடுத்தவர்களுக்காக மெயில் அனுப்புவது, போய்ச் சேராத மெயில் ஏன் சேரவில்லை என்று பார்ப்பது, சந்தாப் பணம் நின்றுபோனால் எந்த இடத்தில் நின்றது என்று தேடுவது. அதனால் இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில், 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். விடியற்காலை மூன்று மணிக்கே எங்கள் சந்தில் அடுப்பு மூட்டிவிடுவார்கள். ஆறு மணிக்குள் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹார்னை அமுக்கிக்கொண்டு ஆண்கள் கிளம்பிவிடுவார்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு மாதுங்காவிலிருந்து வடாலா வரை லைன். லைன் என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், பேப்பர் லைன், பால் லைன், இட்லி லைன். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எந்த வீடு, யாருக்கு எத்தனை, யாரிடம் பாக்கி. முட்டி வலி தாங்காமல் அண்ணாச்சி ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்தபோது லைனைத் தன் அக்கா மகனுக்கு விலைக்குக் கொடுத்தார். பள்ளி விடுமுறை, சட்னித் தூக்கைப் பிடித்துக்கொண்டு நானும் பத்து நாள் அவர்கள் கூடவே போனேன். அண்ணாச்சி ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்து, "ஒண்ணாம் தேதியிலேருந்து இவன்தான் வருவான்" என்று சொல்வார். கையில் நீளமான ஒரு கணக்கு நோட்டு. "பாட்டி வீடு, ரெண்டாம் மாடி, செவ்வாய் வேண்டாம்", "பச்சை கேட், வாட்ச்மேனுக்கு நாலு, மாசக் கணக்கு", "டாக்டரம்மா, காரச் சட்னி கூடாது" என்று பென்சிலில் எழுதியிருக்கும், அழித்து அழித்து எழுதியதில் சில இடத்தில் தாளே கிழிந்திருக்கும். சைக்கிளும் பாத்திரமும் பழைய இரும்பு விலைக்குத்தான் போயிருக்கும். அக்கா மகன் எண்ணிக் கொடுத்த பணம் முழுவதும் அந்த நோட்டுக்கும் அந்தப் பத்து நாள் அறிமுகத்துக்கும்தான்.

உங்களிடம் இருப்பது ஒரு பெரிய தெரு. ஹார்ன் அடித்தால் ஜன்னல்கள் திறக்கின்றன. ஆனால் எந்த ஜன்னல் யாருடையது என்ற நோட்டு உங்களிடம் இல்லை. அந்த நோட்டைத் தெருவின் சொந்தக்காரர் வைத்திருக்கிறார், உங்களுக்குக் காட்டமாட்டார்.

இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து பாருங்கள். தங்கள் சந்தாக்களைப் பொதுவில் காட்டச் சம்மதித்தவர்கள் சிலரின் பெயர் தெரியும், அவ்வளவுதான். அவர்களுக்கு ஒரு வரி எழுத வழியில்லை. 62,000 பேரின் பட்டியலை இறக்கிக்கொள்ள ஒரு பட்டன் கிடையாது. நாளைக்கு நீங்கள் வேறு இடத்துக்குப் போனால் அவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது, போவதற்கு முன் கடைசி வீடியோவில் சொன்னால்தான் உண்டு, அதையும் அவர்கள் கண்ணில் காட்டலாமா என்று அல்காரிதம் முடிவு செய்ய வேண்டும்.

அதிலும் உங்கள் நிலைமை மற்ற யூடியூபர்களைவிட ஒரு படி மோசம், இதை நீங்கள் முழுசாகக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. கமென்ட் மூடியது ஏன் தெரியுமா? 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் குழந்தைகளின் தகவலைப் பெற்றோர் அனுமதியில்லாமல் திரட்டியதற்காக யூடியூபிடம் 17 கோடி டாலர் வசூலித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2020 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு வீடியோவும் குழந்தைகளுக்கானதா இல்லையா என்று குறிக்க வேண்டும் என்று ஆனது. "குழந்தைகளுக்கானது" என்று குறித்தால் கமென்ட் போய்விடும், மணி அடையாளத்தை அழுத்தி அறிவிப்பு வாங்கும் வசதி போய்விடும், பார்ப்பவருக்கேற்ற விளம்பரம் போய்விடும், அதனால் வருமானமும் குறையும். சானல் முழுவதையும் அப்படிக் குறித்திருந்தால் மாதம் பணம் கட்டும் மெம்பர்ஷிப்பும் கிடையாது. இதற்குப் பின்னால் இருக்கும் குழந்தைகள் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கம் சரியானதுதான், குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் என்ன நடந்தது பாருங்கள். வாஷிங்டனில் எடுத்த ஒரு முடிவால், செம்பூரில் இருக்கும் நீங்களும் காட்கோபரில் இருக்கும் ஒரு அம்மாவும் "என் பையனுக்கு ழ வரவில்லை டீச்சர்" என்று பேசிக்கொள்ளும் ஒரே வாசல் அடைபட்டது. உங்களையும் கேட்கவில்லை, அந்த அம்மாவையும் கேட்கவில்லை. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. யாரும் உங்களுக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. அப்படியிருந்தும் உறவு அறுந்துவிட்டது. அடுத்தவர் இடத்தில் இருக்கும் உறவு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒரேயடியாக மூடிய கதைகள் உங்களுக்கே தெரியும். 2020 ஜூன் 29 இரவு டிக்டாக்கும் கூடவே 58 சீனச் செயலிகளும் இந்தியாவில் தடையாயின. கிட்டத்தட்ட 20 கோடிப் பேர் இங்கே அதை வைத்திருந்ததாக அப்போது செய்திகளில் சொன்னார்கள். ஜூலை இரண்டாம் வாரத்திலேயே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைத் திறந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. தங்கள் பக்கத்தில் இன்ஸ்டாகிராம் அல்லது யூடியூப் முகவரியை முன்பே போட்டு வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேரையாவது கூட்டிக்கொண்டு போனார்கள், மற்றவர்கள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரிந்த சயான் கோலிவாடா பையன் ஒருவன், நன்றாக ஆடுவான், அந்த வாரம் முழுவதும் போனைக் கையில் எடுக்கவே இல்லை. பெங்களூரில் பிறந்த, ட்விட்டர் மாதிரியான கூ செயலி 2024 ஜூலையில் மூடிவிட்டது, அதில் தமிழில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

மூடாமலே மெதுவாகத் தேய்வதும் உண்டு. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், இனி நண்பர்களும் குடும்பத்தாரும் போடுவதற்குத்தான் முதலிடம், பக்கங்கள் போடுவது குறைவாகத் தெரியும் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. பக்கத்தை விரும்பியவர்களின் எண்ணிக்கை அப்படியே நின்றது, போய்ச் சேரும் ஆட்கள்தான் குறைந்தார்கள். விரும்பியவர்களையே சென்றடைய விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டி வந்தது.

இது வீடியோ போடுகிறவர்களுக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை. சாப்பாடு கொண்டுவரும் செயலிகள் மீது தேசிய உணவகச் சங்கம், கம்பெனிகள் நியாயமாகப் போட்டி போடுகின்றனவா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் கொடுத்த புகாரில் ஒரு அம்சம் இதுதான்: எங்கள் இட்லியைச் சாப்பிடுகிறவர் யார், அவர் நம்பர் என்ன என்று எங்களுக்கே காட்டுவதில்லை. 2022 ஏப்ரலில் ஆணையம் ஸொமேட்டோ, ஸ்விக்கி இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. அண்ணாச்சியின் நோட்டை யோசித்துப் பாருங்கள், அது இப்போது செயலியிடம் இருக்கிறது.

சட்டம் இதைச் சரிசெய்யுமா என்று சிலர் கேட்பார்கள். செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. 2011 ஜனவரி 20 வரை மொபைல் கம்பெனியை மாற்றினால் நம்பர் போய்விடும், அந்த ஒரு பயத்திலேயே எத்தனை பேர் மோசமான சிக்னலைச் சகித்துக்கொண்டு இருந்தோம். அன்றைக்கு நாடு முழுவதும் நம்பர் போர்ட்டபிலிட்டி வந்தது, 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ், நம்பர் நம்மோடு வந்துவிட்டது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2019 வரைவில் நம் தகவலை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகும் உரிமை இருந்தது, 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. இருந்திருந்தாலும் உங்களைப் பின்தொடர்பவர்களின் முகவரி கிடைத்திருக்காது, உங்கள் சொந்தத் தகவல்தான் கிடைத்திருக்கும். மாஸ்டடான் (ட்விட்டர் மாதிரிதான், ஆனால் பலர் தனித்தனி சர்வரில் நடத்துவது) மாதிரி சில இடங்களில் சர்வரை மாற்றினால் பின்தொடர்பவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம், நல்ல ஏற்பாடு, ஆனால் உங்கள் காட்கோபர் அம்மா அங்கே இல்லை. அதனால் கையால்தான் செய்ய வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. மும்பையில் நடக்கும் தமிழ் நாடகம், பட்டிமன்றம், பறை வகுப்பு, புத்தக வெளியீடு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்ல ஒரு பக்கம் நடத்தினேன். எந்தத் தளம் என்பது வேண்டாம். ஆறு வருடத்தில் 19,000 பேர் சேர்ந்தார்கள். ஒருநாள் காலையில் ரயிலில் போகும்போது திறக்கிறேன், கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. காரணம் பொதுவான ஒரு வரி. முறையீடு செய்தேன், அடையாள அட்டை அனுப்பினேன், தானாக வரும் பதில்தான் வந்தது, ஏழு வாரத்துக்குப் பிறகு அதுவும் நின்றது. கணக்கு முடங்கியதற்கு அடுத்த சனிக்கிழமை மாதுங்காவில் ஒரு நாடகம், அந்தக் குழு என் பக்கத்தை நம்பித்தான் அரங்கம் எடுத்திருந்தது.

அப்போது கைகொடுத்தது ஒரு நோட்டுதான். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வாசலில் மேசை போட்டு, நூல் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு வைப்பேன், "அடுத்த நிகழ்ச்சி தெரிய வேண்டுமென்றால் எழுதுங்கள்" என்று. பெரிய திட்டமெல்லாம் கிடையாது, பழைய ஆட்கள் செய்வார்களே என்று செய்தது. அதில் 340 முகவரிகள். இரவு உட்கார்ந்து டைப் செய்தேன். ஒன்றா எல் எழுத்தா, பூஜ்யமா ஓ-வா என்று தெரியாத கையெழுத்து, காபி சிந்திய பக்கம், வீட்டுக்காரர் மெயிலை எழுதிவிட்டுக் கீழே தன் பெயரைப் போட்ட அம்மாக்கள். 51 மெயில் திரும்பி வந்தது. மற்றவை போயின. ஞாயிறு காலையிலேயே பதில் வர ஆரம்பித்தது, "உங்கள் பக்கம் காணோமே, என்ன ஆச்சு?" என்று. நாடகத்துக்கு இருநூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். 19,000 பேர் இருந்த காலத்தில் ஒரு பதிவுக்கு அவ்வளவு பேர் நேரில் வந்ததே இல்லை. முந்நூறு பேருக்காக மெனக்கெட வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த ஒரு சனிக்கிழமைதான்.

சரி, வாட்ஸ்அப். இங்கே நான்கு விதமான பொருள் ஒரே பெயரில் இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2023-ல் வந்த சானல் என்பது யூடியூப் மாதிரியேதான், யார் பின்தொடர்கிறார்கள் என்று நடத்துகிறவருக்கு நம்பர் தெரியாது. அறிவிப்புப் பலகையாக வைத்துக்கொள்ளலாம், லிஸ்ட் என்று நினைக்காதீர்கள். குரூப் என்றால் நம்பர் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதுதான் சிக்கல். நூற்றுக்கணக்கான அம்மாக்களின் நம்பர், முன்பின் தெரியாத இத்தனை பேர் கையில். ஒரு ஆள் தவறாக மெசேஜ் போட்டால் போதும், உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். புதிதாக ஒரு கம்யூனிட்டி ஆரம்பித்து அதன் அறிவிப்புப் பகுதியில் மட்டும் ஆட்களைச் சேர்த்தால், நடத்துகிறவருக்கு நம்பர் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. இது பரவாயில்லை.

எனக்குப் பிடித்தது பழைய பிராட்காஸ்ட் லிஸ்ட், ஒரே மெசேஜ் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான், அதுவும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போகும். இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவர் உங்கள் நம்பரை "தமிழ் டீச்சர்" என்று சேமிக்கிறார் என்றால் அதைவிட உறுதியான சந்தா எது? போன் தொலைந்தாலும் அந்த 256 நம்பர் உங்கள் எக்செல் தாளில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் வாட்ஸ்அப்பே இல்லாமல் போனாலும் கூப்பிட்டுப் பேசலாம். இதற்கென்று இரண்டாவது சிம் ஒன்று வாங்கிவிடுங்கள், வீட்டு நம்பரைக் கொடுக்க வேண்டாம்.

நம் ஆட்கள் ஈமெயில் திறப்பார்களா? பாதி உண்மை. எல்லோரும் திறக்கமாட்டார்கள். ஆனால் உங்கள் பார்வையாளர்கள் யார்? பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்று தேடி வந்து பார்க்கும் பெற்றோர். அவர்களில் அலுவலகம் போகிறவர்கள் தினமும் மெயில் பார்க்கிறவர்கள்தான். பள்ளியிலிருந்து வரும் மெயிலையும் பார்த்தே ஆக வேண்டும். நான் அனுப்பும் லிஸ்ட்டுகளில், தமிழில் தலைப்பு வைத்து, ஒரு மனிதர் பெயரிலிருந்து வரும் மெயில்கள் நன்றாகவே படிக்கப்படுகின்றன. திறந்தார்களா என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 2021 செப்டம்பரிலிருந்து ஆப்பிள் மெயில், தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு எல்லா மெயில்களின் படங்களையும் தானாகவே முன்கூட்டி இறக்கிவிடுகிறது, அதனால் திறக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் வரும். பதில் எழுதினார்களா, தாளை இறக்கினார்களா என்று பாருங்கள். மெயில் பார்க்காதவர்களுக்குப் போன் நம்பர். இரண்டில் ஒன்று கொடுத்தால் போதும் என்று சொல்லுங்கள், அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

ஈமெயிலை நான் தூக்கிப் பிடிக்கக் காரணம், அது யாருடைய சொத்தும் இல்லை. இன்றைக்கு ஒரு கம்பெனி வழியாக அனுப்புகிறீர்கள், பிடிக்கவில்லையென்றால் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போகலாம், வாங்குகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. பாட்காஸ்ட்டும் அப்படித்தான், ஆர்எஸ்எஸ் ஓடை (புதுப் பகுதி வந்ததைக் கேட்கும் செயலிகளுக்குச் சொல்லும் கோப்பு) உங்கள் இணைய முகவரியில் இருந்தால் கேட்பவர்கள் உங்களோடு வருவார்கள், பாட்டி கதைகளைக் குரலில் போடுவதாக இருந்தால் யோசியுங்கள். ஆனால் மெயிலிலும் வாசலில் காவலாளி உண்டு. நம் ஊரில் ஜிமெயில்தான் எங்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குக் கட்டுப்பாடு கூடிவிட்டது: மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகள் டொமைனில், அதாவது உங்கள் இணையப் பெயரில், இருக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பாம் என்று புகார் சொல்கிறவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேரைத் தொடக் கூடாது. ஒருநாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான் இந்த முழுக் கட்டுப்பாடு, உங்களுக்கு இப்போது பொருந்தாது. இருந்தாலும் முதல் நாளே செய்துவிடுங்கள், அனுப்பும் சேவையே என்ன ஒட்ட வேண்டும் என்று காட்டும், அரை மணி நேர வேலை. முக்கியமாக, சொந்த டொமைன் ஒன்றை உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். வெப்சைட் செய்து தருகிற பையன் பெயரில் வாங்கிவிட்டு, அவன் வேலை மாறி துபாய் போன பிறகு டொமைனைப் புதுப்பிக்க முடியாமல் என்னிடம் வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை.

மெயில் அனுப்ப எந்தச் சேவையை எடுப்பது என்று கேட்பீர்கள். கோஸ்ட், சப்ஸ்டாக், வேறு எது வேண்டுமானாலும் இருக்கட்டும், சேர்ந்த அன்றைக்கே பத்துப் பேரைப் போட்டு எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். சிஎஸ்வி கோப்பு, எக்செல்லில் திறக்கும் பட்டியல், முழுசாக வருகிறதா? வந்தால் இருங்கள். வராவிட்டால் அன்றே கிளம்புங்கள். சப்ஸ்டாக்கில் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு போகலாம், அது அவர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் அங்கே காசு வாங்க ஸ்ட்ரைப் என்ற பணம் வசூலிக்கும் சேவையில் கணக்கு வேண்டும், ஸ்ட்ரைப் 2024 முதல் இந்தியாவில் அழைப்பு இருந்தால்தான் புதிய கணக்கு தருகிறது. இலவசமாக அனுப்ப மட்டும் என்றால் பிரச்சினை இல்லை.

காசு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பலர் அடிபட்டிருக்கிறார்கள். மாதச் சந்தாவைக் கார்டில் வாங்காதீர்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்தபோது, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு, முதல் முறை கூடுதல் சரிபார்ப்பு என்று ஆனது. வாடிக்கையாளரைப் பாதுகாக்க நல்ல விதி, ஆனால் அதற்குத் தயாராகாத சேவைகளில் ஓடிக்கொண்டிருந்த சந்தாக்கள் ஒரே மாதத்தில் அறுந்தன. தவணைப் பணத்தைத் தானாக எடுக்கும் யுபிஐ ஆட்டோபே 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது, அது வேலை செய்கிறது, ஆனால் உங்கள் அளவுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு யுபிஐ லிங்க் போதும். சிற்றிதழ் நடத்தியவர்கள் வருடச் சந்தாதான் வாங்கினார்கள், வருடம் முடியும்போது ஒரு அஞ்சலட்டை போடுவார்கள், "தங்கள் சந்தா இந்த இதழோடு முடிகிறது" என்று. அந்த அஞ்சலட்டைதான் அவர்களுக்கும் வாசகருக்கும் இருந்த உறவு. நீங்களும் அப்படி ஒரு மெசேஜ் எழுதுங்கள், கையால், பெயர் சொல்லி. முந்நூறு பேருக்கு அது முடியும்.

பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்பதால் ஒரு எச்சரிக்கை. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான், அவர்கள் தகவலை வாங்கப் பெற்றோரின் உறுதிசெய்த சம்மதம் வேண்டும். அதனால் பிள்ளையின் பெயர், பள்ளி, பிறந்த தேதி எதுவும் கேட்காதீர்கள். பெற்றோர் பெயர், மெயில் அல்லது நம்பர், பிள்ளை எழுத்து கற்கிறதா வாக்கியம் படிக்கிறதா என்ற நிலை, இவ்வளவு போதும். யாராவது "என்னை எடுத்துவிடுங்கள்" என்றால் அன்றே எடுத்துவிடுங்கள். நோட்டு நம்முடையது என்றால் அதைக் காப்பாற்றுவதும் நம் பொறுப்பு. யூடியூபில் இருந்தவரை அந்தக் கவலை உங்களுக்கு இல்லை, இனி இருக்கும்.

யூடியூபை ஏன் விடக் கூடாது என்றால், புது ஆட்கள் மெயில் லிஸ்ட்டில் தானாக வந்து விழமாட்டார்கள். லிஸ்ட் ஒரு போதும் யாரையும் கண்டுபிடித்துத் தராது. பாந்த்ராவில் இன்றைக்கு ஒரு அப்பா "தமிழ் எழுத்துக்கள் குழந்தைகளுக்கு" என்று தேடினால் உங்களைக் காட்டப்போவது யூடியூப்தான். அந்த உதவிக்கு நன்றியோடு அங்கேயே வீடியோ போடுங்கள். ஐந்து மணி நேரம் உழைத்தால் நான்கு மணி நேரம் அங்கே, ஒரு மணி நேரம் லிஸ்ட்டுக்கு. நான் இந்தக் கணக்கில்தான் செய்கிறேன், இதற்குக் கீழே போனால் லிஸ்ட் வளர்வதில்லை.

எப்படிக் கேட்பது? "என் லிஸ்ட்டில் சேருங்கள்" என்று கேட்டால் யாரும் சேரமாட்டார்கள், ஏன் சேர வேண்டும்? கையில் எடுத்துப் போகிற மாதிரி ஏதாவது கொடுங்கள். உங்கள் ல, ள, ழ வீடியோவைப் பார்த்தேன், மிக நல்ல வீடியோ. வாழை, வால், வாள் என்று மூன்று படம் காட்டி நாக்கு எங்கே மடிகிறது என்று சொல்கிறீர்கள். அதற்கு ஒரு பயிற்சித் தாள் போடுங்கள், இரண்டு பக்கம், கறுப்பு வெள்ளையில், சாலை முனைக் கடையில் இரண்டு ரூபாய்க்குப் பிரின்ட் எடுக்கிற மாதிரி. வீடியோவின் நடுவில், குழந்தை ழ சொல்லிப் பார்க்கும் அந்த இடத்தில், "இதற்குத் தாள் வேண்டுமென்றால் அம்மாவோ அப்பாவோ இந்த நம்பருக்குத் 'தாள்' என்று அனுப்பச் சொல்லுங்கள்" என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், திரையிலும் நம்பரை எழுதுங்கள். டிஸ்க்ரிப்ஷனில் லிங்க் போட்டால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பழைய வீடியோக்களில் நன்றாக ஓடும் பத்தை எடுத்து அவற்றுக்கும் தாள் போடுங்கள். தாதரிலோ செம்பூரிலோ தமிழ் நிகழ்ச்சி நடந்தால் ஒரு மேசை போட்டு நோட்டு வையுங்கள், கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து, என் 51 மெயில் உங்களுக்குத் திரும்பி வர வேண்டாம்.

முதல் மெசேஜில் தாளை அனுப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது?" மெயிலில் இதற்கு ஒருவர் பதில் எழுதிவிட்டால் அடுத்த மெயில் ஸ்பாமுக்குப் போகும் வாய்ப்பும் குறைகிறது, தொழில் ரீதியாக நான் சொல்வது இது. ஆனால் அதற்காக மட்டும் கேட்கச் சொல்லவில்லை. பதிலை அந்தப் பெயருக்கு நேராக, எக்செல்லில் கடைசிக் கட்டத்தில், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். "காட்கோபர், பெண், ற வரவில்லை, பாட்டி கூடப் பேசும்போது மட்டும் தமிழ்." ஒவ்வொரு மாதமும் ஒண்ணாம் தேதி அந்தக் கோப்பை இறக்கிக் கடவுச்சொல் போட்டு ஒரு பென் டிரைவில் வையுங்கள். ற-வுக்கு வீடியோ தயாரானதும், அந்த அம்மாவுக்கு முதலில் அனுப்புங்கள், யூடியூபில் போடுவதற்கு ஒருநாள் முன்னால்.